மூக்கில் விழுந்த முத்திரை

என் மாமா ஊரார் சட்டையை எல்லாம் தேய்த்துக் கொடுப்பார். அவர் போட்டிருக்கும் சட்டை மட்டும் சுருக்குப்பை மாதிரி இருக்கும். கேட்டால், "டாக்டர் தனக்குத் தானே ஊசி போட்டுக்கறாரா?" என்பார். அவரோடு பேசினால் முக்கால்வாசி நேரம் இப்படித்தான் முடியும். கேட்டவர் குழம்பிப் போவார். மாமா அதற்கு முன்பே குழம்பி உட்கார்ந்திருப்பார்.

அவர் கடை எங்கள் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. கடை என்றால் ஒரு மேஜை, மேஜை மேல் நாலாக மடித்த கம்பளி, கம்பளி மேல் வெள்ளைத் துணி, துணியில் இஸ்திரிப்பெட்டி வடிவத்திலேயே ஒரு பழுப்புத் தழும்பு. அவ்வளவுதான். உயரமானவர்கள் உள்ளே வந்தால் படிக்கட்டு நெற்றியில் முத்தம் கொடுக்கும். மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலைச் சரித்து ஒரு தெளி தெளிப்பார், பெட்டியை வைப்பார், 'உஸ்' என்று ஆவி கிளம்பும். முதலில் காலர், பிறகு தோள், பிறகு கை, கடைசியில்தான் உடம்பு. "காலர் நின்னா ஆள் நிப்பான்" என்பது அவர் வேதம். வாடிக்கைக்காரர்கள் பெயர் எதுவும் அவருக்குத் தெரியாது. நீலக்கோடு, ஒத்தைப் பொத்தான், மஞ்சள் அக்குள் என்றுதான் சொல்வார். மஞ்சள் அக்குள் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர்.

மாமாவின் மனைவி என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா. தபால் ஆபீசில் வேலை. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிற கடிதங்களின் தபால்தலை மேல் முத்திரை குத்துவது. இரும்பு முத்திரையை மையில் ஒரு தட்டு, கடிதத்தில் ஒரு தட்டு. டொப், டொப். கல்யாணமான நாளிலிருந்து இந்த ஒரே வேலை. வலது முன்கை இடது கையைவிடப் பருத்துவிட்டது. வீட்டில் காய் நறுக்கினாலும் அதே தாளம்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நாலு வெண்டைக்காய்க்கு நாலு கடிதம் போன மாதிரி இருக்கும். கடைசி நாட்களில் மணிக்கட்டு வீங்கி, துணிப்பட்டை சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போனாள். போன மாதக் கடைசியோடு ஓய்வு.

அத்தைக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரே ஆசை, ஒரு தையல் மிஷின். வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்துப் பிழைக்க வேண்டும், யார் மூஞ்சியிலும் குத்த வேண்டாம் என்பாள். அதற்காக அவள் சேர்த்து வைத்த காசு ஒரு காலத்தில் இருந்தது. அதை எடுத்து மாமா தபால்தலை வாங்கிவிட்டார்.

அந்தத் தபால்தலைகள் ஒரு தகரப்பெட்டியில் இருந்தன. ஒன்றுகூடக் கிழிக்காமல், தாள் தாளாக, நடுவே எண்ணெய்த்தாள் வைத்து. எல்லாத்திலும் ஒரே முகம். ஒரு தலைவருடைய முகம். "இது நாளைக்கு விலை ஏறும், பத்து மிஷின் வாங்கலாம்" என்று மாமா அன்றைக்குச் சொன்னாராம். அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. அத்தையின் ஓய்வு மட்டும் நெருங்கிவிட்டது. மாதம் முடிவதற்குள் அந்தப் பெட்டி எப்படியாவது ஒரு மிஷினாக மாற வேண்டும். பத்து வேண்டாம், ஒன்று போதும். இல்லையென்றால் இத்தனை வருஷமாகத் தான் சொன்னது வெறும் வாய்ப்பந்தல் என்றாகிவிடும் என்பது மாமாவின் பயம்.

தலைவர் யார் என்று சொன்னால் சண்டை வரும். பாதிப் பேர் தெய்வம் என்பார்கள், பாதிப் பேர் திருடன் என்பார்கள், என் வயதுக்காரர்கள் "யாரு, அந்த பஸ் ஸ்டாண்டா?" என்பார்கள். மாமா எந்தக் கட்சியிலும் இல்லை. கொடி பிடித்ததில்லை, கோஷம் போட்டதில்லை. ஆனால் ஒருமுறை அந்தத் தலைவர் எங்கள் ஊருக்குப் பேச வந்து, முனையில் இருந்த லாட்ஜில் தங்கியபோது, அவருடைய சட்டை ஒன்று தேய்ப்பதற்கு மாமாவிடம் வந்தது. மாமா அதைத் தேய்த்தார். திரும்ப வாங்கிப்போன லாட்ஜ் ஆள் சாயங்காலம் வந்து, "போட்டுக்கிட்டுக் கண்ணாடில காலரைத் தொட்டுப் பார்த்தாரு. 'பரவால்லயே'ன்னாரு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பரவாயில்லையே. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மாமா வாழ்க்கையையே ஓட்டிவிட்டார். சிலருக்குப் பட்டம் கொடுத்தாலும் போதாது, என் மாமாவுக்குப் பாதிப் பாராட்டே ஆயுசுக்கும் போதும்.

தலைவர் இறந்து ஒரு வருஷம் கழித்து நினைவுத் தபால்தலை வெளியானது. படம் பேப்பரில் வந்தது. மார்பளவு உருவம், முகம் லேசாகத் திரும்பி, கழுத்தில் காலர் கத்தி மாதிரி நின்றுகொண்டிருந்தது. மாமா பேப்பரை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இது என் காலர்" என்றார். இல்லை என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை. ஆமாம் என்றும் முடியவில்லை.

மறுநாள் தபால்தலை விற்பனைக்கு வருகிறது. சாப்பிடும்போது அத்தை சாதாரணமாகச் சொன்னாளாம், "நாளைக்கு உங்க தலைவர் வர்றார், என்கிட்ட அடி வாங்க."

மாமாவுக்குக் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. "எங்க விழும்?"

"மூஞ்சிலதான், வேற எங்க? தள்ளிக் குத்தினா ஸ்டாம்பைப் பிச்சு இன்னொரு கவர்ல ஒட்டிடுவாங்க. நல்லா நடுவுல விழணும். அதுக்குத்தான சம்பளம்."

"காலர்லயும் விழுமா?"

"மூஞ்சி எவ்வளவு, காலர் எவ்வளவு? அந்த ஸ்டாம்பே கட்டைவிரல் அளவு. எல்லாத்துலயும்தான் விழும்."

மாமா மறுநாள் கடையைத் திறக்கவில்லை. அத்தையின் மிஷின் காசை எடுத்துக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போய், அந்தத் தலைவர் தபால்தலை எத்தனை தாள் வந்திருக்கிறதோ அத்தனையும் வாங்கிவிட்டார். ஊரில் ஒருத்தர் கையிலும் ஒன்றுகூடப் போகக் கூடாது, போனால் அடி விழும். விலை ஏறும், பத்து மிஷின் என்பதெல்லாம் அத்தைக்குச் சொல்ல வழியில் யோசித்த கதை. போஸ்ட்மாஸ்டர் எழுந்து வந்து கைகொடுத்தாராம். இத்தனை கடிதம் எழுதும் ஒரு குடும்பத்தை அவர் பார்த்ததே இல்லை.

பின்னால் உட்கார்ந்திருந்த அத்தை எல்லாவற்றையும் பார்த்தாள்.

ஆனால் மாமாவுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. காலையில் கவுண்டர் திறப்பதற்கு முன்பே, அவரிடம் கொடுக்கலாம் என்று அத்தை அந்தத் தபால்தலையில் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். மத்தியானம் அதை ஒரு கவரில் ஒட்டினாள். இஸ்திரிக் கடை விலாசம் எழுதினாள். முத்திரையை மையில் தோய்த்து, தலைவர் மூக்கின் மேலேயே ஒரு போடு போட்டாள். அடுத்த நாள் தபால்காரர் கொண்டுவந்து மாமா கையில் கொடுத்தார். உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை. பேப்பரில் விளம்பரமாக வந்த தையல் மிஷின் படம் மட்டும், கத்தரிக்கோலால் நேராக வெட்டி வைத்திருந்தது.

மாமா அந்தக் கவரை, ரோட்டில் விபத்தைப் பார்க்கிற மாதிரி, பாதி பார்த்தும் பார்க்காமலும் குப்புறத் திருப்பினார். தலைவர் முகம் இருப்பதால் கிழித்துப் போட முடியாது. மூக்கில் மை இருப்பதால் பார்க்கவும் முடியாது. பெட்டியின் அடியில் குப்புறவே போட்டு, மேலே தாள்களை அடுக்கிவிட்டார். அதற்குப் பிறகு இருவரும் உப்புக்கும் ஃபேனுக்கும் சண்டை போட்டார்கள், இதைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. இந்தக் கதை எனக்கு இரண்டு பாதியாகத்தான் கிடைத்தது. ஒரு பாதி மாமாவிடம், ஒரு பாதி அத்தையிடம். ஒட்டியது நான்.

அந்த மாத ஆரம்பத்தில் நீலக்கோடு சட்டை வாங்க வந்தவர், தன் ஆபீசில் ஒருவர் ஏதோ தலைவர் படம் போட்ட பழைய தபால்தலை ஒன்றை விற்று வீட்டுக்குக் கூரை போட்டதாகச் சொன்னார். மாமா தேய்த்துக்கொண்டிருந்த தலையணை உறை கருகிவிட்டது. அடுத்த நாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, பஸ் ஏறினார். நான் எதற்கு என்றால், பொடி எழுத்தைப் படிக்க. நான் பத்தாம் வகுப்புவரை படித்தவள், அதுவும் பத்தாவதை இரண்டு தடவை. அன்றைக்குத்தான் அவர் தேய்த்த சட்டை போட்டு முதல்முறையாகப் பார்த்தேன். யாரோ மாதிரி இருந்தார்.

தபால்தலைக் கடை ஒரு கடிகாரக் கடைக்கு மேலே இருந்தது. ஃபேன் இருந்தது, ஆனால் போடவில்லை. போட்டால் சரக்கு பறந்துவிடும். கடைக்காரர் எதையும் கையால் தொடமாட்டார், எல்லாவற்றுக்கும் இடுக்கிதான். டீக்குக் காசு கொடுக்கும்போதுகூட அந்த ரூபாய்த்தாளை இடுக்கியில்தான் எடுத்தார் என்று சத்தியம் பண்ணுவேன். மாமா பெட்டியைத் திறந்து, மேலே இருந்த தாளை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி வைத்தார். கைக்குழந்தையைக் காட்டுவது மாதிரி.

அவருக்கு நான் வைத்த பெயரே இடுக்கி. இடுக்கி பார்த்தார். "ஆ, இவரா" என்றார். அந்தக் குரலில் பஸ் ஸ்டாண்டில் தூரத்துச் சொந்தக்காரரைப் பார்த்த சலிப்பு இருந்தது. தடிமனான விலைப்புத்தகத்தைத் திருப்பி எங்களிடம் நகர்த்தினார். நான் படித்தேன். தலைவர் பெயருக்கு நேராக இரண்டு விலை. முத்திரை குத்தாததற்கு ஒரு விலை, குத்தியதற்கு ஒரு விலை. குத்தாதது டீக் காசு. குத்தியது அதைப்போலப் பல மடங்கு.

"அச்சுப்பிழை" என்றார் மாமா.

"இல்லைங்கய்யா, சரியாத்தான் இருக்கு."

"எப்படி சார்? புதுசுக்கு விலை இல்ல, கெட்டுப்போனதுக்கு விலையா? நான் கசங்கின சட்டைக்கா சார் காசு வாங்கறேன்?"

இடுக்கி பொறுமைசாலி. மற்ற தபால்தலைகளில் பெரும்பாலும் புதுசுக்குத்தான் விலை, ஆனால் இவர் விஷயம் வேறு என்று விளக்கினார். இவர்மேல் பக்தி வைத்தவர்கள் ஏராளம். வெளியான அன்றே அள்ளி வாங்கினார்கள், பூட்டி வைத்தார்கள், கடிதத்தில் ஒட்ட மனசு வரவில்லை. "ஊருக்கு ஒருத்தர் உங்கள மாதிரிங்கய்யா. வாரத்துக்கு ஒருத்தர் இப்படிப் பெட்டியோட வந்து நிக்கறாங்க. நெசமா தபால்ல போனதை விரல் விட்டு எண்ணிடலாம்."

மாமாவுக்கு அவமானமாக இருந்ததைவிட ஆச்சரியமாகத்தான் இருந்தது. தன்னைப்போல ஊருக்கு ஒருத்தர் இருப்பது அவருக்குத் தெரியாது. அவர்கள் எல்லாம் சட்டை தேய்த்தவர்களா என்று கேட்டார். இடுக்கிக்குப் புரியவில்லை.

பிறகு மாமா வேறு வழியாக வந்தார். தலைவர் எவ்வளவு பெரியவரோ அவ்வளவு விலை இருக்கத்தானே வேண்டும்? இடுக்கி தலையாட்டி மறுத்தார். பெரிய தலைவர் என்றால் நிறைய அச்சடிப்பார்களாம், நிறைய இருந்தால் விலை இருக்காதாம். சின்னத் தலைவர் என்றால் கொஞ்சம்தான் அடிப்பார்களாம், ஆனால் யாரும் தேடமாட்டார்களாம்.

"அப்ப எந்தத் தலைவருக்குத்தான் சார் விலை?"

"தப்பா அச்சான தலைவருக்கு" என்றார் இடுக்கி. "தலைகீழா வந்துட்டார்னு வைங்க, அவர்தான் ராஜா."

நான் ஒரு தாளை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். இடுக்கி அதை இடுக்கியாலேயே நேராகத் திருப்பி வைத்தார்.

வரும் வழியில் பஸ்ஸில் மாமா ஒரு கேள்வி மட்டும் கேட்டார், "நான் தலைவரைக் காப்பாத்தினேனா, கெடுத்தேனா?" மாமா சும்மா இருக்கும்போது எனக்குக் கை அரிக்கும். வீட்டுக்கு வந்ததும் பாட்டில் மூடியை நீல மையில் தொட்டு ஒரு வெள்ளைத்தாளில் அழுத்தினேன். வட்டம் நன்றாகவே விழுந்தது. உள்ளே குண்டு எழுத்தில் ஒரு பழைய தேதி போட்டு, "மாமா, மிஷின் ரெடி" என்று நீட்டினேன். விளையாட்டுக்குத்தான். ஆனால் மாமா அதை உற்றுப் பார்த்த விதம் விளையாட்டாக இல்லை.

சாயங்காலம் அத்தை வேலையிலிருந்து வந்து மணிக்கட்டுப் பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது மாமா ஒரு தாளோடு போய் அவள் முன்னால் உட்கார்ந்தார். ஆபீசில் அந்த முத்திரையில் தேதி எழுத்துகளை மாற்றிப் போடலாமில்லையா, பழைய வருஷத்து எழுத்து எங்கேயாவது கிடக்குமில்லையா, ஒரே ஒரு தாள் மட்டும் அந்த நாள் தேதி போட்டு... என்று இழுத்தார்.

அத்தை பட்டையைச் சுருட்டி முடித்தாள்.

"அன்னைக்குக் குத்தாதேன்னீங்க. இன்னைக்குக் குத்துன்னு சொல்றீங்க. நான் என்ன கடிகாரமா, பின்னாடி திருப்பி வைக்க?" என்றாள். "இத்தனை வருஷத்துல ஒரு நாள் தேதி மாத்திப் போட்டதில்ல. போற நேரத்துல திருட்டுத்தனம் பண்ணச் சொல்றீங்களே."

"உனக்காகத்தான் கேக்கறேன். மிஷினுக்கு."

"மிஷின் எனக்கு வேணாம், விடுங்க."

வேண்டும் என்று அவள் கத்தியிருந்தால் மாமா தாங்கியிருப்பார். வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னதுதான் அவரை உட்கார்ந்த இடத்திலேயே நொறுக்கியது. என் பாட்டில் மூடியை நான் யாருக்கும் தெரியாமல் ஜன்னல் வழியாகப் போட்டேன். கீழே யார் தலையிலோ விழுந்து, "எவன்டா அவன்?" என்று சத்தம் வந்தது.

இரண்டு நாள் கழித்து மாமா பெட்டியை மறுபடி தூக்கினார். இந்தமுறை கசங்கின சட்டைதான். என்ன கொடுத்தாலும் சரி, மொத்தமாகக் கொடுத்துவிட்டு, கிடைத்த காசில் மிஷினுக்கு ஒரு நூல்கண்டாவது வாங்கிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு. இடுக்கி வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னார். தன் கடையிலேயே இதே தாள் அலமாரி நிறைய இருக்கிறதென்று திறந்து காட்டினார். அலமாரி பூராவும் அதே முகம் எங்களைப் பார்த்தது. மாமா விடவில்லை. சும்மாவாவது எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் இருந்தால் அவள் கண்ணில் படுகிறது என்றார்.

இடுக்கி மனமிரங்கி ஒவ்வொரு தாளாக எடுத்து வைத்தார். எல்லாம் எடுத்த பிறகு அடியில் ஒரு கவர் குப்புறக் கிடந்தது. இடுக்கியால் திருப்பினார்.

திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார், துடைத்தார், பார்த்தார், மறுபடி துடைத்தார்.

"இது எங்க கிடைச்சது?"

"எனக்கு வந்ததுதான்" என்றார் மாமா, சுவரைப் பார்த்துக்கொண்டு. "அதைத் திருப்பி வச்சுடுங்க சார்."

இடுக்கி திருப்பி வைக்கவில்லை. இந்தத் தலைவர் தபால்தலையை மட்டுமே சேர்க்கும் ஒருவர் இருக்கிறாராம். வெளியான அன்றைய தேதியில் ஒவ்வொரு ஊரிலிருந்தும் தபாலில் போன கவர் ஒன்று அவருக்கு வேண்டும். பக்கம் பக்கமாக ஆல்பம் வைத்திருக்கிறார். எங்கள் ஊர்ப் பக்கம் மட்டும் காலியாகவே கிடக்கிறது. "உங்க ஊருக்கு அந்த ஸ்டாம்பே வரலன்னுல்ல நினைச்சோம்" என்றார் இடுக்கி.

"வந்துச்சு சார். நான்தான் வாங்கினேன்."

எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. ஊர் முழுக்க ஒரு கவரும் போகவிடாமல் பண்ணியது மாமா. அதனால்தான் போன ஒரே கவருக்கு விலை. அந்த ஒன்றைப் போட்டது அத்தை, மாமாமேல் இருந்த கோபத்தில். இதில் யாருக்கு யார் நன்றி சொல்வது? மாமாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை முழுங்கிவிட்டேன்.

இடுக்கி விலை சொன்னார். புது மிஷினுக்கு வராது, மிதிபலகையோடு ஒரு பழைய மிஷினுக்கு வரும். "இன்னும் கூடவே வாங்கித் தருவேங்கய்யா, ஆனா ஒரு குறை இருக்கு. முத்திரை நடுவுல முழுசா விழணும். இது மேல ஏறிப்போச்சு. மூக்கு, கண்ணு, நெத்தி எல்லாம் மை. கீழ காலர்கிட்ட சுத்தமா நின்னுடுச்சு. கை தவறியிருக்கு. அதுக்குக் கொஞ்சம் கழிப்பாங்க."

மாமா சுவரிலிருந்து திரும்பினார். கண்ணாடியை வாங்கினார். அந்தக் கவரின் முகத்தை அவர் முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். நானும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். வட்டம் மூக்கின்மேல் கன்னங்கரேலென்று உட்கார்ந்திருந்தது. கோபமாகக் குத்தினது என்பது தெரிந்தது, மை ஒரு பக்கம் தெறித்திருந்தது. ஆனால் வட்டத்தின் கீழ்க்கோடு தாடையோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே காலர் ஒரு பொட்டு மை படாமல், தேய்த்து மடித்த மாதிரி நின்றது.

"கை தவறல சார்" என்றார் மாமா. "அவளுக்குக் கை தவறாது."

கவரை விற்காமல் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தார். மற்ற தாள்களையும் இடுக்கி திரும்பப் பெட்டியில் போட்டு, எங்களோடு படி இறங்கி பஸ்வரை வந்து விட்டுப் போனார்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் மாமா கவரை அத்தையின் தட்டுப் பக்கத்தில் வைத்தார். இந்தமுறை முகம் மேலே தெரியும்படி.

அத்தை குனிந்து பார்த்தாள். "இதைக் கிழிச்சுப் போடலயா நீங்க?"

"தலைவர் மூஞ்சி இருக்கே."

"கிழிச்சுட்டீங்கன்னுதான் நினைச்சேன். அதான் இத்தனை வருஷமா அந்தப் பேச்சே எடுக்கல." கவரை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். தொழில் தெரிந்த கண். "நல்லா விழுந்திருக்கு. அப்பல்லாம் மை நல்ல மை."

"காலரை ஏன் விட்ட?"

அத்தை சாதத்தைப் பிசைந்தாள். "கோவம் உங்க மேலதான். காலர் என்ன பண்ணுச்சு."

மாமா சாப்பிடவில்லை. இடுக்கி சொன்ன விலையைச் சொன்னார். பிறகு, இதை எப்படி விற்பது, நீ எனக்குப் போட்ட ஒரே கடிதம் இது, விற்றால் மனசு கேட்காது, விற்காவிட்டால் மிஷின் இல்லை, எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று சுற்றிச் சுற்றி வந்தார். மின்விசிறியே தோற்றுவிடும்.

"உங்களுக்கு மனசு கேக்கலன்னா மனசை வச்சுத் தைச்சுக்கட்டுமா?" என்றாள் அத்தை. "வித்துட்டு மிஷினை வாங்கிட்டு வாங்க. எனக்கு வேணும்."

வேணும் என்று அவள் சொன்னதும் மாமா சாப்பிட ஆரம்பித்தார்.

கவரை விற்றார்கள். உள்ளே இருந்த மிஷின் படத்தை மட்டும் மாமா எடுத்து வைத்துக்கொண்டார், இடுக்கிக்கு அது தேவையில்லை. ஒரு தையல்காரர் பெரிய மிஷினுக்கு மாறியதால் விற்ற பழையது ஒன்று வந்து சேர்ந்தது. படத்தில் இருந்ததுபோல அதில் பூக்கோலம் இல்லை, இழுப்பறை ஒன்றில் யாருடையதோ ஒற்றைப் பொத்தான் கிடந்தது. அத்தை கைச்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள், மணிக்கட்டு சுருக்கென்றது. மிதிபலகையில் கால் வைத்தாள், ஓடியது. முதலில் தைத்தது மாமாவின் மேஜைக்குப் புது விரிப்பு. ஓரம் கொஞ்சம் கோணல். அதன்மேல் சட்டையை நேராகப் பிடிக்க மாமா இப்போது தலையைச் சாய்த்துக்கொண்டு தேய்க்கிறார்.

தனக்கு லாபமா நஷ்டமா என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. என்னிடம் கணக்குப் போடச் சொன்னார். மிஷின் காசில் தபால்தலை, தபால்தலையால் கிடைக்காத மிஷின், கோபத்தால் கிடைத்த மிஷின், காலருக்குக் கழித்த காசு. என்னைப் பத்தாவதில் இரண்டு முறை கவிழ்த்ததே கணக்குதான். விட்டுவிட்டேன்.

அத்தையின் கடைசி வேலை நாளன்று மாமா கடையைச் சாத்திவிட்டு, தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அந்தத் தபால்தலைகள் இன்னும் செல்லும் என்று அத்தைதான் சொல்லியிருந்தாள், ஆனால் கட்டணம் ஏறி ஏறி, இன்றைக்கு ஒரு கடிதம் போக வேண்டுமென்றால் அரைத்தாள் ஒட்ட வேண்டும். மாமா கவுண்டர் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, தாளை மடித்துக் கிழித்து, நாக்கால் நனைத்து ஒட்டினார். பழைய பசை கசந்ததோ என்னவோ, ஒவ்வொன்றுக்கும் முகத்தைச் சுளித்தார். கவரின் முன்னால் இடமில்லாமல் பின்னாலும் தலைவர்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் ஒரு சந்தில் வீட்டு விலாசமும் அத்தை பெயரும். உள்ளே அந்த மிஷின் படம்.

பெட்டியில் போடாமல் நேராக அத்தையிடம் கொண்டுபோய் நீட்டினார். அத்தை கவரை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிக்கொண்டாள். முத்திரையை மையில் தட்டிவிட்டு, கையை அந்தரத்தில் நிறுத்தினாள்.

"எங்க குத்தணும்?"

"மூஞ்சிலதான், வேற எங்க?" என்றார் மாமா. கவுண்டர் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "காலரை மட்டும்..."

"தெரியும்" என்றாள் அத்தை.

டொப் என்று முதல் அடி விழுந்தபோது மாமா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இரண்டாவதுக்கு ஒரு கண்ணைத் திறந்தார். அதற்குப் பிறகு குனிந்து, ஒவ்வொரு வட்டமும் தாடையோடு நிற்கிறதா என்று கடைசி அடிவரை பார்த்துக்கொண்டே இருந்தார்.